செவ்வாயில் நடக்க வைக்கும் ஹெட்செட்: எது படம், எது கணக்கு?

வந்த கேள்வி இது: “பெங்களூரில் ஒரு மாலில் விஆர் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, பத்து நிமிடம் செவ்வாய் கிரகத்தில் நடக்க விட்டார்கள். பாறைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அது நிஜப் படமா, கிராபிக்ஸா? நிஜம் என்றால் விஞ்ஞானிகள் இதை வைத்து ஏதாவது வேலை செய்கிறார்களா, இல்லை வேடிக்கைக்கு மட்டும்தானா?”

படம் நிஜம், இடம் கணக்கு. நீங்கள் பார்த்த பாறையின் நிறமும் கீறலும் செவ்வாயில் ஓடும் ஏதோ ஒரு ரோவர் வண்டியின் கேமரா எடுத்தவை. அந்தப் பாறை உங்களிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது, எவ்வளவு உயரம், எப்படி வளைகிறது என்பதெல்லாம் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் சில இடம் சுத்தம், சில இடம் உத்தேசம், சில இடம் வெறும் ஒட்டுவேலை. எது எது என்று தெரிந்துகொண்டால், கொடுத்த காசு ஜீரணமாகும்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் போட்டோகிராமெட்ரி வேலையில் இருக்கிறேன். விமானத்திலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ ஒரே நிலத்தை இரண்டு கோணங்களில் எடுத்த படங்களை வைத்து, மேடு பள்ளத்தை அளந்து வரைபடமாக்குகிற தொழில். அந்த இரட்டைப் படத்தை நாங்கள் ‘ஸ்டீரியோ பேர்’ என்போம். அதிலிருந்து பிழிந்தெடுக்கும் உயரக் கணக்குக்கு ‘டெம்’ என்று பெயர். எனக்குச் சோறு போடுவது நெடுஞ்சாலையும் அணைக்கட்டும்தான். செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிடிக்கும் பைத்தியம். ஆனால் வித்தை இரண்டுக்கும் ஒன்று. 2005இல் இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-1, ஒரு கேமராவை 26 டிகிரி முன்னால் சாய்த்தும் இன்னொன்றை 5 டிகிரி பின்னால் சாய்த்தும் நம் ஊர் மலைகளைப் படமெடுத்தது. அதே வித்தைதான் அங்கேயும்.

ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து விளக்குக் கம்பங்கள் ஓடும், தள்ளி நிற்கிற அடுக்குமாடிகள் மெல்ல நகரும், நிலா மட்டும் கூடவே வரும். சின்ன வயதில் நிலா ஏன் நம்மோடு வருகிறது என்று கேட்காதவர்கள் யார்? கிட்டத்தில் இருப்பது நிறைய நகரும், எட்டத்தில் இருப்பது கொஞ்சமாக நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துவிட்டால், எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். மொத்த ஸ்டீரியோவும் இவ்வளவுதான்.

கூடவே வரும் அந்த நிலாவையே இந்த வலையில் பிடித்த ஆள் உண்டு. இங்கிலாந்தில் வாரன் டி லா ரூ என்பவர், 1850களின் கடைசியில். நிலா நமக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும் என்றாலும், லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்துக்குக் காத்திருந்து வெவ்வேறு காலத்தில் எடுத்த இரண்டு படங்களை, இடது கண்ணுக்கு ஒன்று வலது கண்ணுக்கு ஒன்று என்று வைத்தார். தட்டாகத் தெரிந்த நிலா பந்தாக எழும்பியது. ராக்கெட் எதுவும் இல்லாமல் மனிதன் வேறொரு உலகத்தை முப்பரிமாணத்தில் பார்த்தது அப்படித்தான்.

இப்போது செவ்வாய்க்கு வருவோம். 1976இல் இறங்கிய வைக்கிங் 1இலேயே ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 80 செ.மீ. தள்ளி இரண்டு கேமராக்கள் இருந்தன. 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசிரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ரோவரின் கழுத்தில், வழி பார்ப்பதற்கென்றே இரண்டு நேவ்கேம்கள் 42.4 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. இடது படத்தில் ஒரு கல்லின் முனை எங்கே இருக்கிறது, வலது படத்தில் அதே முனை எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறது என்று மென்பொருள் தேடும். இப்படி லட்சக்கணக்கான முனைகள். ஒவ்வொன்றுக்கும் தூரம் கிடைத்ததும் புள்ளிகளை முக்கோணங்களாகக் கோத்து ஒரு கம்பி வலை பின்னி, மேலே அசல் படத்தைத் துணி போல் போர்த்திவிடுவார்கள். நீங்கள் மாலில் நடந்தது அந்தத் துணியின் மேல்.

கணக்கு எங்கே சுத்தம், எங்கே உத்தேசம் என்றேனே, அதை எண்ணாகவே காட்டிவிடுகிறேன். அந்த நேவ்கேமில் ஒரு பிக்சலின் கோணம் சுமார் 0.33 மில்லிரேடியன், அதாவது ஒரு மீட்டர் தள்ளி மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அகலம். பத்து மீட்டரில் இருக்கும் கல்லுக்கு ஒரு பிக்சல் பிசகினால் தூரம் 8 செ.மீ. தப்பும். நல்ல மென்பொருள் கால் பிக்சல் வரை பிடிக்கும் என்று வைத்தால் பிசகு 2 செ.மீ. பரவாயில்லை. அதே கல் நூறு மீட்டரில் இருந்தால்? தூரம் பத்து மடங்குதான் கூடியது, பிசகோ நூறு மடங்கு கூடும். கால் பிக்சலுக்கே 2 மீட்டர். இந்த வர்க்கக் கணக்கில் சூடுபடாமல் யாரும் எங்கள் தொழிலில் சீனியர் ஆனதில்லை. புதிதாக வருகிற பிள்ளைகள் தூரத்து மலையைக்கூட அழகாக எழுப்பிவிட்டு ‘சார், மாடல் சூப்பரா வந்துருச்சு’ என்பார்கள். அழகாக வரும், அதில் சந்தேகமே இல்லை. அளவுதான் வராது.

அதற்கு ரோவர் ஓட்டுகிறவர்கள் செய்யும் தந்திரம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். தூரத்து மலையை அளக்க வேண்டுமென்றால் ஒரு படம் எடுத்துவிட்டு, ரோவரையே சில மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுப்பார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே சில மீட்டர் இடைவெளி! பூதக்கண் என்றால் நிஜமாகவே பூதத்தின் கண்.

பூதம் என்றதும் போன நவராத்திரி நினைவுக்கு வருகிறது. முருகேஷ்பாளையாவில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு எதிர்வீட்டுச் சிறுமி வந்திருந்தாள், ஏழு வயது. கொலுவுக்குப் பக்கத்தில் வழக்கம்போல ஒரு பார்க் வைத்திருந்தோம்: கேழ்வரகு முளைப்பாரி, கண்ணாடித் துண்டில் குளம், பிளாஸ்டிக் மாடு. சுண்டலைத் தின்றுவிட்டு என் மேஜை மேல் இருந்த ஹெட்செட்டைப் பார்த்து அடம் பிடித்தாள். நேவ்கேம் இரட்டைப் படம் ஒன்றை எந்த அளவுத் திருத்தமும் செய்யாமல், இடதை இடது கண்ணுக்கும் வலதை வலது கண்ணுக்கும் கொடுத்து மாட்டிவிட்டேன். பாவாடை தடுக்காமல் அவள் அம்மா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். குழந்தை கையை நீட்டி ஏதோ கல்லை எடுக்கப் பார்த்தாள், இரண்டு விரலால், சோழி பொறுக்குகிற மாதிரி. அப்புறம் சொன்னாள்: “அங்கிள், எல்லாம் குட்டிக் குட்டியா இருக்கு. உங்க கொலு பார்க் மாதிரி.”

அவள் எடுக்கப் பார்த்த கல் முக்கால் மீட்டர் அகலம்.

அவள் பார்த்ததில் தப்பே இல்லை. மனிதக் கண்களுக்கு நடுவே சராசரியாக 6.3 செ.மீ. இடைவெளி. 42.4 செ.மீ. இடைவெளியில் எடுத்த படத்தை அதில் திணித்தால், நம் மூளை ‘என் கண் இடைவெளி எப்போதும்போலத்தான் இருக்கிறது, அப்படியானால் உலகம்தான் சுருங்கிவிட்டது’ என்று முடிவு கட்டும். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக. அதனால்தான் இரட்டைப் படத்தை அப்படியே காட்டாமல் முதலில் கம்பி வலையாக்கி, அதற்குள் உங்கள் 6.3 செ.மீ. கண்களைப் புதிதாக நட்டு, அங்கிருந்து தெரிவதைத் திரும்ப வரைகிறார்கள். மாலில் பாறை பாறை அளவில் தெரிந்ததென்றால் யாரோ இந்த வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

அளவு தெரிவது சின்ன விஷயமில்லை. மரமில்லை, வீடில்லை, மின்கம்பமில்லை. ஒரு மேடு பத்து மீட்டரா நூறு மீட்டரா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லாத நிலம் நம் கண்ணை ஏமாற்றும். 1971 பிப்ரவரியில் நிலாவில் அப்பல்லோ 14இன் ஷெப்பர்டும் மிட்செலும் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மூச்சிரைக்க ஏறி, இதோ அதோ என்று அலைந்து, கிடைக்காமல் திரும்பினார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் விளிம்புக்கு சுமார் 30 மீட்டர் வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். செவ்வாயில் இன்னொரு குழப்பமும் சேரும். கிரகம் சின்னது, வளைவு அதிகம். நம் கண் உயரத்தில் நின்றால் பூமியில் அடிவானம் நாலரை கிலோமீட்டரில், அங்கே 3.3 கிலோமீட்டரில். இதையெல்லாம் தட்டைப் படத்தில் எவ்வளவு சொன்னாலும் உறைக்காது. நடுவில் போய் நின்று தலையைத் திருப்பினால் உடம்புக்கே தெரிந்துவிடும்.

சரி, ஒட்டுவேலைக்கு வருகிறேன். அடுத்த முறை ஹெட்செட் மாட்டினால் பாறையின் முன்பக்கத்தைப் பார்த்து மயங்கி நிற்காமல், சுற்றிப் பின்னால் போங்கள். ஒன்று கரிய ஓட்டை இருக்கும், இல்லையென்றால் இழுத்துப் பூசிய களிம்பு மாதிரி இருக்கும். கருவறையில் மூலவரை நாம் முன்னாலிருந்து மட்டுமே பார்க்கிறோம் அல்லவா, முதுகு எப்படியிருக்கும் என்று அர்ச்சகரைத்தான் கேட்க வேண்டும். ரோவரும் அப்படித்தான், நின்ற இடத்திலிருந்து தெரியாததை அது படமெடுக்கவில்லை. நேர்மையான மாடலில் அந்த இடம் ஓட்டையாகவே விடப்பட்டிருக்கும். காசு வாங்கிக்கொண்டு காட்டுகிற மாடலில் ஓட்டை விட்டால் யார் பார்ப்பார்கள், நிரப்பிவிடுவார்கள். வானமும் பெரும்பாலும் பூசியதுதான்.

கொஞ்சம் தூரம் பாருங்கள். காலடியில் கூழாங்கல் வரை துல்லியம். சில பத்து மீட்டர் தாண்டினால் கற்கள் மெழுகு மாதிரி உருகி வழவழப்பாகிவிடும். அங்கே ரோவரின் படம் தீர்ந்து, வானத்திலிருந்து எடுத்த படம் தொடங்குகிறது. 2006இலிருந்து செவ்வாயைச் சுற்றும் எம்ஆர்ஓ விண்கலத்தின் ஹைரைஸ் கேமரா, சுமார் 300 கி.மீ. உயரத்திலிருந்து ஒரு பிக்சலுக்கு 25 முதல் 30 செ.மீ. வரை பிடிக்கும். ஒரு சுற்றில் ஒரு கோணம், பிறகு வேறொரு சுற்றில் விண்கலத்தையே சாய்த்து மறு கோணம். அதிலிருந்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்று உயரம் எடுக்கிறார்கள். ஆனால் கிரகத்தின் மொத்தப் பரப்பில் சில சதவீதத்தைத்தான் ஹைரைஸ் பார்த்திருக்கிறது. அதற்கும் அப்பால் அதே கலத்தின் சிடிஎக்ஸ் என்ற இன்னொரு கேமரா, பிக்சலுக்கு 6 மீட்டர். எல்லாவற்றுக்கும் அடியில் மோலாவின் லேசர் அளவுகள். 1999 முதல் 2001 வரை மார்ஸ் குளோபல் சர்வேயரிலிருந்து துடிப்பு துடிப்பாக லேசர் அடித்து, திரும்பி வர எவ்வளவு நேரம் என்று பார்த்து, 60 கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் உயரம் எடுத்த கருவி அது. நீங்கள் மாலில் ஒரே நிலமாகப் பார்த்தது, பாட்டி வீட்டுத் துணிமெத்தை போல இந்தத் துண்டுகளைத் தைத்தது.

நான் சகித்துக்கொள்ளாத ஏமாற்று ஒன்று உண்டு: உயரத்தைக் கூட்டிக் காட்டுவது. நிஜ மலைகள் நாம் நினைப்பதைவிடச் சப்பையானவை. அப்படியே காட்டினால் ‘இவ்வளவுதானா’ என்பார்கள் என்று செங்குத்து அளவை மட்டும் பெருக்கிவிடுவார்கள். 1990களில் மெகல்லன் விண்கலத்தின் ரேடார் அளவுகளை வைத்து வரைந்த வெள்ளிக் கிரக எரிமலைக் காட்சிகளில் உயரம் பத்து மடங்குக்குக் குறையாமல் கூட்டப்பட்டிருந்தது. படக்குறிப்பில் சொல்லியிருந்தார்கள்தான், யார் படித்தார்கள்? இன்றும் பலர் மனதில் வெள்ளி என்றால் ஊசி ஊசியான மலைகளும் ஆரஞ்சு வானமும்தான். ஹெட்செட் விற்பவர்கள் எத்தனை மடங்கு என்பதைத் தரையிலேயே எழுதிப்போட வேண்டும் என்பது என் கட்சி.

இவ்வளவு குறை இருந்தும் முப்பரிமாணம் ஏன் வேண்டும்? தட்டைப் படம் இதைவிடப் பெரிய பொய்யன். 1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 சுற்றுக்கலம் சைடோனியா பகுதியில் ஒரு படம் எடுத்தது. மலையொன்றின் மேல் சாய்வெயில் விழுந்து, கண்ணும் மூக்கும் வாயுமாக அச்சு அசல் மனித முகம். இருபது வருடம் அதை வைத்து என்னென்னவோ பேசினார்கள். 1998லும் 2001லும் மார்ஸ் குளோபல் சர்வேயர் கூர்மையான படம் எடுத்தது, லேசர் உயரமும் கிடைத்தது. முகம் போய்விட்டது. கிரகத்தில் எங்கும் கிடக்கிற அரித்துப்போன மேட்டுநிலம்தான் மிஞ்சியது. கண் என்று நினைத்தது நிழல். நம் ஊரில் மலைமுகட்டில் பிள்ளையார் தெரிவதும் இப்படித்தான், அங்கே கற்பூரம் காட்டிவிடுவோம் என்பது மட்டும் வித்தியாசம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, வேலைக்கு ஆகிறதா என்பது. ஆகிறது, அதுவும் நேற்று இன்றல்ல. நாசாவின் ஏம்ஸ் மையத்தில் 1980களிலேயே மைக்கேல் மெக்ரீவியும் கூட்டாளிகளும் கையடக்க டிவிகளின் திரைகளை வைத்து ஒரு தலைக்கவசம் கட்டினார்கள். வேற்றுக் கிரக நிலத்தை அதற்குள் கொண்டுவருவது அவர் நோக்கங்களில் ஒன்று. 1997 ஜூலை 4 அன்று இறங்கிய பாத்ஃபைண்டரோடு போன சோஜர்னர், பத்தரைக் கிலோ எடையுள்ள குட்டி வண்டி. அதை ஓட்டியவர் முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திரையில் எழுந்த கற்களுக்கு நடுவே வழிப்புள்ளிகளை நட்டுத்தான் ஓட்டினார்.

‘ஓட்டினார்’ என்றால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து அல்ல. செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும், கிரகங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து. ‘குழி இருக்கிறது, நிறுத்து’ என்று சொல்லி அது போய்ச் சேர்வதற்குள் குழியில் கிடக்கும். ஆகவே நேற்று மாலை ரோவர் அனுப்பிய இரட்டைப் படங்களிலிருந்து நிலத்தை எழுப்பி, அதற்குள் பொம்மை ரோவரை ஓட்டிப் பார்த்து, சக்கரம் எந்தக் கல்லில் ஏறும், வண்டி எவ்வளவு சாயும் என்று பார்த்த பிறகுதான் நாள் முழுவதுக்குமான கட்டளைகளைக் கட்டி அனுப்புவார்கள். விஆர் இங்கே ஒத்திகை மேடை. நடிகர் அங்கே தனியாகத்தான் ஆட வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து கியூரியாசிட்டி ரோவர் குழு மொத்தமும் வீட்டுக்குப் போய்விட்டது. அலுவலகத்தில் அவர்கள் போடுவது விலையுயர்ந்த கண்ணாடி; இடது வலது படங்களை மாற்றி மாற்றி வேகமாகத் திறந்து மூடும், அதற்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டு லேப்டாப்பில் ஓடவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அட்டையில் சிவப்பும் நீலமுமாகத் தாள் ஒட்டிய பழைய கண்ணாடிக்கு மாறினார்கள். ஆளாளுக்கு அவரவர் வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு செவ்வாயில் பாறையைத் துளைத்தார்கள். அதைப் படித்த அன்று நான் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் ஆபீஸில் வருடாவருடம் புதுக் கண்ணாடிக்குப் பட்ஜெட் கேட்டுச் சண்டை போடுகிறவன் நான்.

ஹெட்செட் பக்கம் பெரிய முயற்சி ஆன்சைட் என்கிற மென்பொருள். ரோவர்களை ஓட்டும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2015இல் அறிவித்தது. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் ஹெட்செட்டை மாட்டினால் அறை மறைந்து கியூரியாசிட்டி நிற்கும் இடம் வரும். வேறு வேறு ஊர்களில் இருக்கும் விஞ்ஞானிகள் நிழலுருவங்களாக அதே இடத்தில் கூடி, ஒருவர் எந்தக் கல்லைப் பார்க்கிறார் என்பது மற்றவருக்குக் கோடாகத் தெரிய, ‘அதல்ல, இதற்குப் பின்னால் இருக்கிறதே, அந்த அடுக்கு’ என்று பேசிக்கொள்ளலாம். மென்பொருளுக்கு நாசாவின் 2018ஆம் ஆண்டு விருது கிடைத்தது. கூகுள் 2017இல் இதே நிலத்தைச் சாதாரண பிரவுசரிலேயே சுற்றிப் பார்க்க விட்டது. ஆனால் ஹோலோலென்ஸ் தயாரிப்பையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இந்தத் துறையின் சாபம் அதுதான்: பாறை முந்நூறு கோடி வருடம் அசையாமல் கிடக்கும், அதைப் பார்க்கும் கருவி பத்து வருடம் தாங்காது.

புவியியல்காரர்களுக்கு இதில் கிடைப்பது முக்கியமாக ஒன்று, அடுக்குகளின் சரிவு. என் சொந்த ஊர் கொள்ளிடக்கரை. ஆற்றில் மணல் அள்ளிய குழியின் சுவரை வெயில் சாயும் நேரத்தில் பார்த்தால் கோடு கோடாக அடுக்குகள் தெரியும். சில படுக்கையாக, சில ஒரே பக்கம் சரிந்து. சரிவு எந்தப் பக்கமோ தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியது என்று தாத்தா சொல்வார்; அவர் எந்தக் காலேஜிலும் படித்ததில்லை. ஜெசிரோவில் கோடியாக் என்று பெயரிட்ட ஒரு குன்றின் முகத்தில் பெர்சிவரன்ஸ் கண்டது அதே சங்கதி. கீழே படுக்கை அடுக்கு, நடுவில் சரிந்த அடுக்கு, மேலே திரும்பவும் படுக்கை. ஆறு ஏரிக்குள் இறங்கும் முகத்துவாரத்தில்தான் இப்படி வரும். 2021 அக்டோபரில் ஆய்வாக வெளியிட்டார்கள். இது எவ்வளவு சரிவு, எந்தத் திசை என்று சொல்ல வேண்டுமானால் தட்டைப் படம் உதவாது. நம்மை நோக்கிச் சாய்ந்த அடுக்கும் படுக்கை அடுக்கும் போட்டோவில் ஒரே கோடுதான். முப்பரிமாண மாடலில் அடுக்கின் மேல் மூன்று புள்ளி வைத்தால் போதும், தளமும் சரிவும் வந்துவிடும். வியன்னாவில் உருவான புரோ3டி போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன.

ஸ்டீரியோ கைவிடும் இடங்களும் உண்டு. வடிவம் தெரியும், கெட்டியா பொலபொலப்பா என்று தெரியாது. 2009இல் ஸ்பிரிட் ரோவர் மேலே காய்ந்த தோல் மாதிரி இருந்த தரையில் ஏறி, தோல் உடைந்து உள்ளே இருந்த மாவு மண்ணில் புதைந்தது. கடைசி வரை வெளியே வரவில்லை. எந்த ஹெட்செட்டிலும் அந்த இடம் நல்ல ரோடு மாதிரிதான் தெரிந்திருக்கும். இன்னொன்று, இரண்டு படத்திலும் ஒரே முனையைத் தேட வேண்டும் என்றேன். முனையே இல்லாத வழுவழு மணல் வந்தால்? எங்களுக்கு ஏரித் தண்ணீர் மேல் மாடல் எழும்பாது, அதே கதை. பெர்சிவரன்ஸோடு போன இன்ஜென்யுவிட்டி ஹெலிகாப்டர் முப்பரிமாணப் பார்வையில் பறக்கவில்லை, ஆனால் கீழே ஓடும் தரையில் அடையாளங்களைப் பிடித்துத்தான் தன் வேகத்தைக் கணித்தது. 2024 ஜனவரி 18, 72ஆவது பறத்தல். கீழே அடையாளம் எதுவுமில்லாத மணல் அலைகள். வேகம் புரியாமல் இறங்கி, இறக்கை உடைந்து, அதோடு முடிந்தது.

நம் வீட்டு வாசலிலும் இதே வித்தை நடந்தது. 2023இல் நிலாவில் ஓடிய சந்திரயான்-3இன் பிரக்யான் ரோவருக்கு முன்னால் இரண்டு நேவ்கேம்கள். செய்தவர்கள் பீன்யாவில் இருக்கும் இஸ்ரோவின் லியோஸ் ஆய்வகத்தார். படம் இங்கே வந்து, டெம் எடுத்து, பாதை போட்டு, கட்டளை அனுப்பி, 26 கிலோ வண்டியை ஒரு தடவைக்கு ஐந்து மீட்டருக்குள்தான் நகர்த்தினார்கள். டெம் நம்பும்படி கிடைத்தது அவ்வளவு தூரத்துக்குத்தான். மேலே சொன்ன வர்க்கக் கணக்கு ஞாபகமிருக்கட்டும். ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் நாலு மீட்டர் அகலக் குழி தெரிந்தது, வந்த வழியே திருப்பினார்கள். திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் என்பது உங்களுக்கே தெரியும். தரையிறங்கும் இடத்தைத் தேர்ந்ததிலும் இரட்டைப் படம் உண்டு: சந்திரயான்-2இன் ஓஎச்ஆர்சி கேமரா 100 கி.மீ. மேலிருந்து பிக்சலுக்கு 25 செ.மீ. வரை எடுத்துத் தந்தது.

மாலில் திரும்பக் காசு கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்த 2023 செப்டம்பர் 5 அன்று இஸ்ரோ ஒரு படம் வெளியிட்டது. பிரக்யான் எடுத்த இரட்டைப் படத்தில் இடதைச் சிவப்பிலும் வலதை நீலம் பச்சையிலும் வைத்துச் சேர்த்த விக்ரம் லேண்டர். ஸ்டேஷனரிக் கடையில் சிவப்பு, நீலம் கண்ணாடித் தாள் (ஒளி ஊடுருவும் செலோபேன்) கிடைக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, போனில் அல்ல, லேப்டாப் திரையில் பாருங்கள். முதல் அரை நிமிடம் கண் முரண்டு பிடிக்கும், அப்புறம் லேண்டரின் கால் தரையிலிருந்து பிரிந்து முன்னால் வரும். சிவப்பு இடது கண்ணுக்கு. மாற்றி மாட்டிக்கொண்டால் பின்னால் கிடக்கும் நிலம் முன்னால் துருத்திக்கொண்டு வரும், லேண்டர் அதற்குள் துளைபோட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.